லெசோத்தோ: உயரத்தில் ஊறும் நீர்

தென்னாப்பிரிக்க வரைபடத்தின் கிழக்குப் பகுதியில், நாற்புறமும் அதே நாடு சூழ்ந்திருக்க, ஒரு தனி நாடு தெரியும். அதுதான் லெசோத்தோ. பரப்பு சுமார் 30,000 சதுர கிலோமீட்டர். அதன் மிகத் தாழ்வான இடமே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம்! நிலம் முழுவதும் 1,000 மீட்டருக்கு மேல் அமைந்த நாடு உலகிலேயே இது ஒன்றுதான். தபானா ந்ட்லென்யானா சிகரம் 3,482 மீட்டர். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் அதை மிஞ்சிய மலை இல்லை.

சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்து, எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்தது. இன்றைய கரிய மலைகள் அந்தப் படிவுகளே. அவற்றின் அடியில் வெளிர்மஞ்சள் மணற்பாறை. அதன் குடைவுகளில் இப்பகுதியின் தொல்குடிகளான சான் மக்கள் தீட்டிய ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. மேற்கே தபா போசியு என்ற தட்டையான மணற்பாறைக் குன்று. 1824-ல் அரசர் மொஷூஷூ தம் மக்களோடு அதன்மேல் குடியேறினார். சுற்றிலும் செங்குத்துப் பாறை, உச்சியில் வற்றாத ஊற்றுகள். எதிரிகள் பலமுறை முற்றுகையிட்டும் குன்று விழவில்லை.

செமோன்கோங் ஊருக்கு அருகே மலெட்சுன்யானே அருவி 192 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீச்சில் விழுகிறது. ஜூன், ஜூலைக் குளிரில் அதன் சாரல் பாறையிலேயே உறைந்துவிடும்.

ஆனால் இந்த நாட்டின் உண்மையான செல்வம், பார்ப்பவர் கண்ணில் எளிதில் படாத ஒன்று. மலையுச்சிகளுக்கு அருகே, பள்ளமான இடங்களில் குட்டையான புல்லும் பாசியும் மூடிய சதுப்புகள் உண்டு. கால் வைத்தால் மண் அமுங்கும், காலடியைச் சுற்றி நீர் கசியும். கோடை மழையையும் பனியையும் உறிஞ்சிக்கொண்டு, வறண்ட மாதங்களில் சிறுகச் சிறுக விடுவது இந்த மண்தான். செங்கு ஆறு பிறப்பதும் இம்மலைகளில்தான். கிழக்கே இந்தியப் பெருங்கடல் அருகிலிருந்தும், அது மேற்கே திரும்பி, ஆரஞ்சு ஆறு என்ற பெயரோடு 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அட்லாண்டிக்கில் கலக்கிறது.

இந்த நீருக்காகவே 1986-ல் தென்னாப்பிரிக்காவுடன் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. மலிபமாட்சோ ஆற்றின் குறுக்கே 185 மீட்டர் உயரத்தில் கட்சே அணை எழுந்தது. மலைகளைக் குடைந்த சுரங்க வழிகளில் 1998 முதல் நீர் வடக்கே போகிறது. ஜோகனஸ்பர்க் பகுதி மக்கள் அதைக் குடிக்கிறார்கள். லெசோத்தோவுக்கு உரிமத்தொகை வருகிறது.

சதுப்புகளுக்கு இப்போது ஆபத்து வந்திருக்கிறது. அளவுக்கு மீறி ஆடுமாடுகள் மேய்வதால் புல் தேய்ந்து, மண் அரிக்கப்பட்டு, சரிவுகளில் ஆழமான ஓடைப்பள்ளங்கள் விழுகின்றன. மேய்ச்சலை முறைப்படுத்தி இந்த ஈரநிலங்களைக் காப்பது, புதிய அணை கட்டுவதைவிட அவசரமான வேலை. தண்ணீரை விற்கும் இந்த நாட்டில், மலைக் கிராமங்கள் பலவற்றில் பெண்கள் இன்னமும் ஊற்றுக்கு நடந்து போய்த்தான் குடிநீர் சுமந்து வருகிறார்கள்.