நாற்பது பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரியின் கட்டடங்களைப் பற்றியும் வென்றெடுத்த கேடயங்களைப் பற்றியும் இவ்விழாவிலே பேசுவதற்குப் பலர் இருக்கிறார்கள். இங்கு படித்துப் பின்னர் ஆசிரியப் பணிக்குச் சென்றவர்கள் என்ற வகையில், வகுப்பிலுள்ள பிள்ளைகளின் தொகை கற்பித்தலையும் கற்றலையும் எவ்வாறு பாதிக்கிறது என்று சொல்லும்படி சங்கத்தினர் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். இது பழைய மாணவியரான எங்கள் எல்லோருக்கும் நெருக்கமான விடயம். ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறோம்.

முதலில் ஒரு சிறிய கணக்கு. ஒரு பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால், வரவு பதியாமல், கரும்பலகையில் எழுதாமல், ஒருவரையும் அதட்டாமல் இருந்தாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடந்தான் கிடைக்கும். இனிக் கொப்பிகளை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையை வாசித்து, பிழை திருத்தி, பிள்ளைக்குப் பயன்படும் வகையில் இரண்டு வரி எழுதுவதற்குக் குறைந்தது மூன்று நிமிடம் வேண்டும். 45 கொப்பிகளுக்கு இரண்டே கால் மணித்தியாலம். அப்படி நான்கு வகுப்புகள் எடுக்கும் தமிழ் ஆசிரியைக்கு ஒன்பது மணித்தியாலம். அவர் வீட்டுக்குப் போய்ச் சமைக்கவும் வேண்டும், தன் பிள்ளைகளைப் பார்க்கவும் வேண்டும். ஆகவே கட்டுரைகளின் தொகை குறைகிறது. மூன்று நிமிடம் ஒரு நிமிடமாகிறது. கடைசியில் சிவப்பு மையில் ஒரு சரியும் திகதியும் மட்டும் மிஞ்சுகின்றன. இதை ஆசிரியையின் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது.

பெரிய வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை எப்படியோ படித்துவிடும். குழப்படி செய்யும் பிள்ளையும் ஆசிரியையின் கண்ணில் படும். இடையில் அமைதியாக இருக்கும் பிள்ளைதான் தப்பிப்போகிறது. விளங்காவிட்டாலும் தலையை ஆட்டும், கேள்வி கேட்காது, கொப்பியும் துப்பரவாக இருக்கும். வாசிக்கத் தெரியாமலே அது தரம் 3ஐத் தாண்டிவிடலாம். பெண்கள் பாடசாலையில் இத்தகைய பிள்ளைகள் அதிகம் என்பதை எங்களுள் கற்பித்தவர்கள் அறிவார்கள். அடக்கமான பிள்ளை என்று நாங்கள் பாராட்டுவதும் பல வேளைகளில் இவர்களைத்தான்.

தொகையைக் குறைத்தால் பயன் உண்டா என்பதை ஐக்கிய அமெரிக்காவின் ரெனிசி மாநிலம் 1985இல் தொடங்கிய ஸ்டார் என்னும் ஆய்விலே பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. 79 பாடசாலைகளில் பாலர் வகுப்பு முதல் தரம் 3 வரை, பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் குலுக்கல் முறையில் மூன்று வகையான வகுப்புகளுக்குப் பிரித்தார்கள். ஒருவகை வகுப்பில் 13 முதல் 17 பிள்ளைகள். இரண்டாவது வகையில் 22 முதல் 25. மூன்றாவது வகையிலும் அதே 22 முதல் 25 பிள்ளைகள்தான், ஆனால் ஆசிரியருக்கு முழுநேர உதவியாளர் ஒருவர் இருந்தார். சிறிய வகுப்பில் இருந்தவர்கள் வாசிப்பிலும் கணிதத்திலும் முன்னே நின்றார்கள். வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் கிடைத்த பயன் கூடுதலாக இருந்தது. பின்னாளில் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குத் தோற்றியவர்களின் வீதமும் அவர்களிடையே உயர்ந்திருந்தது. உதவியாளர் இருந்த பெரிய வகுப்புகளிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்திருங்கள், இறுதியில் எங்களுக்கு உதவும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ரெனிசியின் பெறுபேற்றைப் பார்த்த கலிபோர்னியா மாநிலம் 1996இல் கீழ் வகுப்புகளை ஏறத்தாழ 30இலிருந்து 20ஆக அவசர அவசரமாகக் குறைத்தது. ஆயிரக்கணக்கில் புதிய ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். பயிற்சி பெறாத பலர் சேர்க்கப்பட்டார்கள். வசதியான இடங்களுக்கு நல்ல ஆசிரியர்கள் மாறிப்போனார்கள். நூலக அறைகளும் சங்கீத அறைகளும் வகுப்பறைகளாயின. எதிர்பார்த்த பலன் தெளிவாகக் கிடைக்கவில்லை. யப்பானிலோ 40 பிள்ளைகள் வரை உள்ள வகுப்புகளில் நெடுங்காலமாகச் சிறப்பாகக் கற்பித்து வந்திருக்கிறார்கள். ஆயினும் அவர்களே ஆரம்பப் பாடசாலை முழுவதற்கும் வகுப்பின் உச்ச அளவை 35ஆகக் குறைப்பதற்கு 2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

இவற்றிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது இதுதான்: தொகை குறைவதால் ஆசிரியைக்குக் கிடைப்பது நேரம். அந்த நேரத்தில் அவர் ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டால், பிழை எங்கே பிறக்கிறது என்று பார்த்தால், பிள்ளை படிக்கும். 20 பேருக்கு முன்னால் நின்றும் 45 பேருக்குச் செய்த அதே விரிவுரையைச் செய்தால் ஒன்றும் மாறாது. நேரத்தின் தேவை மிக அதிகமாக இருப்பது எழுத்துக் கூட்டும் வயதில். ஆகவே எங்காவது குறைக்க முடியுமானால் முதலில் ஆரம்பப் பிரிவிலேதான் குறைக்க வேண்டும்.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். இலங்கையின் மொத்த மாணவர் தொகையை ஆசிரியர் தொகையால் வகுத்தால் ஓர் ஆசிரியருக்கு 20இற்கும் குறைவான பிள்ளைகளே வருவார்கள். அப்படியானால் நகரத்துப் பெரிய பாடசாலைகளில் ஒரு வாங்கில் நெருக்கிக்கொண்டு இருப்பது எப்படி? மறுபுறத்தில் 50 பிள்ளைகள்கூட இல்லாத அரச பாடசாலைகள் ஆயிரத்துக்கும் மேலே உள்ளன. போரும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் கண்ட வடக்கில் இவற்றை அதிகம் காணலாம். அங்கே ஓர் ஆசிரியை இரண்டு மூன்று தரங்களை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கிறார். வலைப்பந்தாட்டத்துக்கு ஏழு பேரைச் சேர்க்க முடிவதில்லை. பட்டிமன்றத்துக்கு எதிரணி கிடைப்பதில்லை. மிகச் சிறிய வகுப்பிலும் பிள்ளை இழப்பவை உண்டு.

இங்கேதான் விடயம் எங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறது. அரச பாடசாலைகளில் தரம் 1இற்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் ஒழுங்கில் 25 வீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கப்படுகிறது. அது எங்களுக்குக் கிடைத்திருக்கும் உரிமை. தாய் படித்த பாடசாலையில் மகள் படிப்பது மகிழ்ச்சியும்தான். ஆனால் அந்த ஒதுக்கீடு நிரம்பிய பிறகும் "எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஒரு கதிரை" என்று அதிபரின் கதவைத் தட்டும்போது, புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பின் தரம் 6இல் இன்னும் பத்துப் பேரைச் சேர்க்கும்படி கேட்கும்போது, அந்தக் கதிரை எங்கிருந்து வருகிறது? உள்ளே இருக்கும் 40 பிள்ளைகளின் நேரத்திலிருந்து வருகிறது. பக்கத்துக் கிராமப் பாடசாலையின் வெறுமையான வாங்கிலிருந்தும் வருகிறது. கேட்கும் தாய் ஒருத்திதான். அப்படிக் கேட்பவர்கள் பலர்.

ஒரு பழைய செய்தியையும் சொல்ல விரும்புகிறோம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் அநாதைச் சிறுவர் இல்லமொன்றை நடத்திய அன்ட்ரூ பெல் என்பவர், எங்கள் மக்களின் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். முன்னேறிய பிள்ளை மற்றப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைத் தமது இல்லத்தில் அமைத்து, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது 'மதராஸ் முறை' என்று பெயர் பெற்று இங்கிலாந்தெங்கும் பரவியது. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மனனம் செய்வதற்கு அந்த முறை உதவியது, ஆனால் ஆசிரியரின் இடத்தை அதனால் நிரப்ப முடியவில்லை. இருந்தாலும் தொகை குறையும்வரை காத்திருக்காமல், இருக்கும் வகுப்புக்குள்ளே சிறிய குழுக்களை உண்டாக்கலாம் என்பதை அது காட்டுகிறது.

எனவே நூற்றாண்டை முன்னிட்டுச் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, அனுமதி விடயத்தில் ஒதுக்கீட்டுக்கு மேலாக எவரும் அழுத்தம் கொடுப்பதில்லை என்று நாங்களே ஒரு தீர்மானம் எடுப்போம். அதிபர் "இல்லை" என்று சொல்லும்போது அவருக்குப் பின்னால் சங்கம் நிற்க வேண்டும்.

இரண்டாவது, நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை ஆரம்பப் பிரிவின் வாசிப்புக்கு ஒதுக்குவோம். ஓய்வு பெற்ற ஆசிரியைகள் எங்களுக்குள் பலர் இருக்கிறார்கள். வகுப்பின் ஓரத்தில் உதவியாளராக இருப்பதால் பெரிய பயன் இல்லை என்பதை ரெனிசி சொல்லிவிட்டது. ஆகவே அதிபரின் அனுமதியுடன், வகுப்பாசிரியையுடன் கலந்து திட்டமிட்டு, நான்கைந்து பிள்ளைகளை வேறாக இருத்தி, கிழமைக்கு மூன்று நாள் ஒவ்வொருவரும் வாய்விட்டு வாசிப்பதைக் கேட்போம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் சகோதரிகள் வாசிப்புப் புத்தகங்களுக்கான செலவை ஏற்கலாம். ஊருக்கு வரும்போது ஒரு குழுவையும் ஏற்கலாம்.

மூன்றாவது, அயலிலுள்ள ஒரு சிறிய பாடசாலையைத் தோழமைப் பாடசாலையாக ஏற்று, விளையாட்டு, நூலகம், விவாதம் ஆகியவற்றை அவர்களோடு பகிர்ந்துகொள்வோம். அங்கே பிள்ளையை விடலாம் என்ற நம்பிக்கை பெற்றாருக்கு வந்தால், இங்கே நெருக்கடி தானாகக் குறையும்.

புதிய மண்டபம் கட்டினால் கல்லில் பெயர் பொறிக்கலாம். வாசிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளையின் மேல் எவருடைய பெயரும் இராது. ஆனால் அடுத்த நூறு ஆண்டுகளின் பழைய மாணவியர் அந்தப் பிள்ளைகள்தான். அவர்களுள் ஒருத்தியேனும் கடைசி வாங்கில் கவனிக்கப்படாமல் இருந்துவிடக்கூடாது.

கல்லூரி அன்னை பல்லாண்டு வாழ்க.