பலூட் விற்பவனின் அளபெடை



எழுத்துகளுக்கு மாத்திரை வகுத்த பவணந்தியார், அம்மாத்திரையைக் கடந்து எழுத்து ஒலிக்கும் இடங்களையும் நன்னூலில் குறித்து வைத்தார். இசை, விளி, பண்டமாற்று என்பன அவை. பாடுபவனுக்கும் அழைப்பவனுக்கும் அருகிலேயே, தெருவில் கூவி விற்பவனுக்கும் இலக்கணத்தில் ஓர் இடம் கிடைத்தது. அவ்விதிக்குச் சான்று தேடுவோர் பிலிப்பைன்சு வரையிலும் செல்லலாம்.

மணிலாவின் காலைப்பொழுதில் ஒலிப்பது 'தாஹோஓஓஓ' என்னும் குரல். தோளில் ஒரு கழி. அதன் இரு முனைகளிலும் அலுமினிய வாளிகள். ஒன்றில், சோயாப் பாலைத் திரைய வைத்த இளஞ்சூடான மென்கட்டி. மற்றொன்றில் பழுப்புச் சர்க்கரைப் பாகும் சவ்வரிசியும். சீனர் வழி வந்த பண்டம் இது. வீட்டிலிருந்து குவளையோடு ஓடிவரும் பிள்ளைகளுக்குத் தட்டைக் கரண்டியால் ஏடு ஏடாகச் சீவி இட்டுப் பாகு ஊற்றித் தருவார்கள்.

இரவின் குரல் வேறு. 'பலூஉஉஉட்' என்று அது நீளும். 14 முதல் 18 நாள் வரை அடைகாத்து, உள்ளே குஞ்சு உருவாகத் தொடங்கிய வாத்து முட்டையை அவித்து, துணி போர்த்திய கூடையில் சூடு ஆறாமல் சுமந்து வருகிறான். அயல்நாட்டார் பலர் இதைத் துணிவுச் சோதனையாகத் தின்று படம் எடுத்துக்கொள்வர். அது நியாயமன்று. ஓட்டின் முனையை உடைத்துச் சாற்றை உறிஞ்சி, உப்போ காடியோ சேர்த்து உண்பது அங்கே இரவில் உழைப்பவரின் மலிவான ஊட்டம். பட்டெரோஸ் என்னும் சிற்றூர் இதற்குப் பெயர்பெற்றது. நெல்லை வறுத்துப் பைகளில் இட்டு, அச்சூட்டில் முட்டைகளைப் பக்குவப்படுத்தினர். ஒவ்வொன்றையும் விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, கரு வளராதவற்றைப் 'பெனோய்' எனப் பிரித்தனர். பின்னர் ஆற்றுநீர் கெட்டது. வாத்து வளர்ப்பும் அவ்வூரைவிட்டு அகன்றது. முட்டை இன்று லகூனா முதலிய பகுதிகளிலிருந்து வருகிறது.

மாலையில் கரியடுப்புகள் எரியும் தெருமுனையில் ஆகுபெயர்ப் பாடமே நடத்தலாம். கோழிக்கால் அங்கே 'அடிடாஸ்'. பன்றிக் காது 'வாக்மன்'. கோழித்தலை 'ஹெல்மெட்'. காலணியின் பெயர் காலுக்கும், தலைக்கவசத்தின் பெயர் தலைக்கும் ஆகி வருவதால் இவை தானியாகுபெயர். உறைந்த இரத்தத்தைக் கருஞ்சதுரங்களாக வெட்டிச் சுட்டால் அது 'பெட்டாமாக்ஸ்', அதாவது பழைய ஒளிநாடாப் பேழை, இது உவமையாகுபெயர். அந்த நாடாவை அதன் நிறுவனமே 2016-இல் கைவிட்டது. குச்சியில் பெயர் நிற்கிறது. செல்வர் வாங்கும் பொருள்களின் பெயரை, செல்வர் வேண்டாமென்று ஒதுக்கிய கால், காது, தலைகளுக்குச் சூட்டியிருக்கிறார்கள். எள்ளல் அங்கேதான் இருக்கிறது. இத்தெரு உணவை எழுத்துக்கு உரிய பொருளாக மதித்தவர் டோரீன் பெர்னாண்டஸ் (1934–2002). அவர் இலக்கியம் கற்பித்த பேராசிரியை என்பது இந்த அவை மகிழத்தக்க செய்தி.

ஆனால் அந்த வண்டியின் முதல் யாருடையது? பெரும்பாலும் 'ஐந்து-ஆறு' கடன். ஐந்து பெசோ வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும், நாள்தோறும் தண்டல். கடன் தருவோருள் வட இந்தியர் பலர். அவர்களுக்கு அங்கே 'பும்பாய்' என்று பெயர். வங்கி கேட்கும் ஆவணங்கள் தெருவணிகரிடம் இல்லை.

நிற்கும் இடமும் சொந்தமன்று. பதிவுபெற்ற தெருவணிகரின் பணியிடப் பாதுகாப்புக்காக 1997-இல் குடியரசுத் தலைவர் ராமோஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். அதன்பின் ஐந்தாண்டு கழித்து, 2002-இல் தொடங்கிய நடைபாதை அகற்றல்களில் பறித்த பண்டங்கள்மீது மண்ணெண்ணெய் ஊற்றப்பட்டது. 2019-இல், சாலைகளை மீட்க உள்ளாட்சிகளுக்கு 60 நாள் கெடு விதிக்கப்பட்டது. நடப்போர்க்கு நடைபாதை வேண்டும் என்பதும் உண்மையே. ஆனால் மாற்றிடம் காட்டாமல் அகற்றுவது அடுத்த தெருவுக்குத் துரத்துவது மட்டுமே.

2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தது. மணிலா மாநகர்ப் பகுதியில் இரவு 8 மணி முதல் காலை 5 மணி வரை ஊரடங்கு விதிக்கப்பட்டது. பலூட் விற்பவனின் நேரம் ஏறத்தாழ முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது. எட்டுக்குப் பின் கூவினால் குற்றம். எட்டுக்கு முன்னரோ, அப்பண்டத்தைத் தேடுவார் குறைவு.