ஓடும்போது மட்டும் தோன்றும் நோய்

சீனக்குடாவை அண்டி வாழ்வோருக்கு எரிபொருள் புதிய பொருளன்று. 99 எனக் கணக்கிடப்படும் பெரும் எண்ணெய்த் தாங்கிகள் அங்குள்ள காட்டிடையே நிற்கின்றன; பிரித்தானியர் கட்டி விட்டுச் சென்றவை அவை. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் காலையில் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, சீனக்குடா ஓடுதளத்திலிருந்து எதிர்த்தெழுந்தவை ஹரிக்கேன் போர்விமானங்கள். அவற்றைச் செலுத்தியது றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தின் மேர்லின் எஞ்சின். தாங்கி நிறைய எரிபொருள் இருந்தும், வேண்டிய கணத்தில் அது வேண்டிய இடத்தை அடையாவிடின் யாது நிகழும் என்பதற்கு அவ்வெஞ்சினின் வரலாறே தக்க சான்று.

போரின் தொடக்க ஆண்டுகளில், விமானி மூக்கைத் திடீரெனக் கீழ்நோக்கித் தாழ்த்தினால் மேர்லின் எஞ்சின் விக்கும். காபுரேற்றரின் மிதவை அறையிலுள்ள பெற்றோல் மேலே எறியப்பட்டு, அடியிலுள்ள துளைகள் வறண்டுவிடும். அது முதல் விக்கல். அடுத்த கணத்தில் மிதவை தடுமாறி வால்வு அகலத் திறக்க, பம்பி பெற்றோலைக் கொட்டும். அறை நிரம்பி வழிந்து எஞ்சின் மூச்சுத் திணறிக் கரும்புகை கக்கும். இந்த இரண்டாவது விக்கலே கொடியது. ஃபார்ன்பரோ ஆய்வுநிலையத்தில் பணியாற்றிய பீற்றிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியியலாளர் இதற்குப் பரிகாரம் கண்டார். அவர் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். முழு வலுவில் எஞ்சினுக்கு எவ்வளவு எரிபொருள் வேண்டுமோ அவ்வளவே செல்லத்தக்க துளையுடைய சிறு உலோகத் துண்டொன்று குழாயில் பொருத்தப்பட்டது. அது 1941இல் விமானங்களுக்கு வந்தது. வெள்ளம் நின்றது. முதல் விக்கல் முற்றாக நீங்கவில்லை. எனினும், ஒன்றாகத் தோன்றிய நோய் உண்மையில் இரண்டு எனப் பிரித்தறிந்தமையே அங்கு மருந்திலும் பெரிது.

பந்தயக் காரின் நிலையும் இதனை ஒத்ததே. பட்டறையில் நிற்கும்போது எஞ்சின் இனிது பாடும். அமுக்கமானி 3 பார் காட்டும். தடத்தில் இறங்கி முழுவேகம் பிடித்ததும் அது தளர்கிறது. காரணம் எளிது: நின்றிருக்கும் எஞ்சின் குடிப்பது துளியளவே, நலிந்த பம்பியும் அதனைக் கொடுத்துவிடும். ஆதலால் நின்ற காரில் பார்த்த அமுக்கம் அரைச் சாட்சியமே. ஓட்டத்தின்போது அமுக்கத்தைப் பதிவுசெய்து, அது எங்கே வீழ்கிறது என்று பார்த்தல் வேண்டும். நீண்ட வளைவில் வீழ்ந்து நேர்வழியில் மீளுமாயின், எரிபொருள் ஒருபுறம் ஒதுங்க உறிஞ்சுகுழாய் காற்றைக் குடிக்கிறது என்க. தாங்கி குறையக் குறைய இது மிகும். நேர்வழியின் கடைசியில் மெல்ல மெல்ல வீழுமாயின், ஐயம் வடிகட்டியின் மேலும் பம்பியின் மேலும் செல்ல வேண்டும். வெப்பம் ஏறிய பின்னரே தோன்றினால், குழாயினுள் ஆவி பிறந்திருக்கக்கூடும்.

பம்பியைக் குற்றஞ்சாட்டிப் புதிதொன்று வாங்கி வருவது பலரது வழக்கம், பெரும்பாலும் வீண்செலவு. அதற்குமுன், பம்பி வேலைசெய்துகொண்டிருக்கும்போதே அதன் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்து பார்க்கலாம். பற்றரியில் 12 வோல்ற்றுக்கு மேல் இருந்தும், களிம்பேறிய இணைப்பொன்றினால் பம்பிக்கு 10 வோல்ற்றே வந்து சேருமாயின், பழி பம்பியினுடையதன்று. குறித்த நேரத்தில் எத்தனை லீற்றர் பாய்கிறது என்பதையும் அளவுபாத்திரத்தில் பிடித்துப் பார்த்தல் வேண்டும். தீயும் சூடும் அணுகாத இடத்தில் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! அமுக்கம் வேறு, பாய்ச்சல் வேறு. அடைத்த குழாயிலும் அமுக்கம் நிற்கும்.

இவற்றைப் பாராது ஓடினால் பந்தயம் மட்டும் தோற்பதன்று. முழுச்சுமையில் எரிபொருள் குறைந்த கலவை மிகுந்த வெப்பத்தோடு எரிந்து, நொடிகளில் பிஸ்ரனை உருக்கிவிடவும் கூடும்.

திருகோணமலைத் துறைமுகத்தில் பந்தயக் கார் இல்லை. கொட்டியாரக் குடாவிலிருந்து வெளிக்கடலுக்குச் செல்லும் சிறு படகுகளின் வெளியிணை எஞ்சினுக்கோ இதே நோய் உண்டு. கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் மாதங்களில், எஞ்சின் நின்ற படகு கரையை விட்டு அகன்றுகொண்டே போகும். அமுக்கமானி அங்கே இல்லை. கையால் அழுத்தும் இறப்பர்க் குமிழே அமுக்கமானி. குமிழ் சப்பி ஒட்டிக் கிடந்தால், தாங்கியின் காற்றுத்துளைத் திருகு மூடியிருக்கிறதா என முதலிற் பார்க்க வேண்டும்; எரிபொருள் வெளியேற, அதன் இடத்தை நிரப்பக் காற்று உட்செல்லல் அவசியம். திருகு திறந்தும் குமிழ் சப்புமாயின், தாங்கியினுள் உறிஞ்சுமுனை அடைபட்டிருக்கிறது. எத்தனை முறை அழுத்தியும் குமிழ் இறுகவில்லையெனில், குழாயில் எங்கோ காற்றுப் புகுகிறது, அல்லது குமிழின் வால்வு கெட்டுவிட்டது. கல்லைப்போல் இறுகியும் எஞ்சின் நின்றால், குறை குமிழுக்கு அப்பால், எஞ்சினுடைய வடிகட்டியிலோ பம்பியிலோ காபுரேற்றரிலோ உள்ளது. இவ்வளவும் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். கரை கண்ணுக்குத் தெரியும்போதே பார்த்துவிடலாம்.