கண்டீரா என்று கேட்ட ஜனங்கள்

பிரேசில் தேசத்து அமேசான் காட்டில், மைசி ஆற்றங்கரையிலே பிரஹா என்னும் ஜனங்கள் சில நூறு பேர் வசிக்கிறார்கள். இவர்கள் பாஷையைக் கற்று, பைபிளை மொழிபெயர்த்து, இவர்களைக் கரையேற்ற வேண்டுமென்று டேனியல் எவரெட் என்னும் அமெரிக்க மிஷனரி 1977-இல் போய்ச் சேர்ந்தார்.

அந்தப் பாஷையிலோ, சொல்லும் சங்கதி கண்ணால் கண்டதா, காதால் கேட்டதா, ஊகித்ததா என்பதை வினைச்சொல்லின் விகுதியே காட்டிக் கொடுத்துவிடும். (புராணப் பிரசங்கிகள் பாடு அங்கே திண்டாட்டந்தான்!) மிஷனரி ஏசுவின் கதையைச் சொல்லவும், அவரை நீர் கண்டதுண்டா, உம் தகப்பனாராவது கண்டாரா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அதோடு அவர்களுக்கு அந்தப் பேச்சு சப்பென்று போய்விட்டது.

காட்டுமிராண்டிகள் என்று பெயர் வாங்கிய அவர்களில் ஒருவரும் மதம் மாறவில்லை. மாற்றப் போனவர்தான் 1980-களில் கடவுள் நம்பிக்கையை விட்டொழித்தார். 2008-இல் அவரே இதைப் புத்தகமாய் எழுதி வெளியிட்டுமிருக்கிறார்.