காத்திருக்கும் ஒரு மணி நேரம்

(தில்லி துவாரகாவில் நம் உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியது)

தேக ஆரோக்கியம் பற்றிப் பத்து நிமிஷம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் வைத்தியன் அல்ல. பௌதிகத்தில் பி.எஸ்சி. படித்து, மத்திய சர்க்காரில் 34 வருஷம் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 76. ஆகவே நான் பார்த்ததையும், செய்த ஒரு தப்பையும் மட்டும் சொல்கிறேன்.

நாம் இங்கே குடிவந்தபோது பால் வாங்கவே வெகுதூரம் நடக்க வேண்டும். 2005 கடைசியில் மெட்ரோ வந்த பிறகுதான் துவாரகாவுக்கு ஊர்க் களை வந்தது. இன்று செக்டர் 11-ல் டி.டி.ஏ.யின் விளையாட்டு வளாகம் இருக்கிறது. பூங்காக்களில் காசில்லாமல் பயன்படுத்தும் உடற்பயிற்சிக் கருவிகள் இருக்கின்றன. கோல்ஃப் என்றால் மகாராஜாக்கள் சமாசாரம் என்று நினைத்திருந்தோம். லாடோ சராயில் டி.டி.ஏ. நடத்தும் குதுப் கோல்ஃப் மைதானத்தில் கட்டணம் கட்டி யாரும் ஆடலாம். 18 குழிகளையும் நடந்தே முடித்தால் ஆறேழு கிலோமீட்டர் ஆகிவிடும். ஸ்வீடனில் மூன்று லட்சம் கோல்ஃப் ஆட்டக்காரர்களைப் பற்றிய ஆய்வில், அவர்களிடையே மரண விகிதம் 40 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். கோல்ஃப் ஆடியதால் ஆரோக்கியமா, ஆரோக்கியம் இருப்பதால் கோல்ஃப் ஆடினார்களா என்பது வேறு கேள்வி. நம்மில் ஒருவர்தான் அங்கே போகிறார். அவரும் வண்டியில் ஏறிக்கொண்டு சுற்றுவதாகக் கேள்வி!

அது கிடக்கட்டும். நம் ஹாலில் செவ்வாய், வெள்ளி மாலைகளில் பரதநாட்டிய வகுப்பு நடக்கிறது. உள்ளே பேத்திகள் அரைமண்டியில் நின்று தட்டடவு போடுகிறார்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் தாத்தா பாட்டிகள். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். உள்ளே 14, வெளியே 11.

2016-ல் நான் கமிட்டியில் இருந்தபோது ஒன்பது மாமிகள் ஒரு மனு கொடுத்தார்கள். பகலில் ஹால் சும்மாதானே இருக்கிறது, பாட்டுப் போட்டுக்கொண்டு உடற்பயிற்சி செய்ய வாரம் இரண்டு நாள் தரக்கூடாதா என்று. 'ஹாலின் நோக்கத்துக்குப் பொருந்தாது' என்று ஆபீஸ் பழக்கத்தில் ஒரு வரி எழுதி முடித்துவிட்டேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. மனுவில் மூன்றாவது கையெழுத்து என் ஆத்துக்காரியுடையது. அவள் வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

2018 மார்கழியில், வாசலில் கோலம் போட்டுவிட்டு எழுந்திருக்கும்போது சாய்ந்து விழுந்தாள். வழுக்கவில்லை, தடுக்கவில்லை. எழுந்திருக்கத் தொடையில் பலம் போதவில்லை. தள்ளாடியபோது சமாளிக்க முடியவில்லை. இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷன், ஆறு மாதம் வாக்கர். பிசியோதெரபிஸ்ட் பெண் என்ன கற்றுக்கொடுத்தாள் தெரியுமோ? நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்திருப்பது, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது, பக்கவாட்டில் அடி வைப்பது. மாமிகள் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். அவள் விழுந்ததற்கு என் ஒரு வரிதான் காரணம் என்றால் அது விஞ்ஞானம் ஆகாது. இல்லவே இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது நடை போன்ற பயிற்சி செய்ய வேண்டும். கூடவே தசை பலத்துக்கும், விழாமல் நிற்கும் நிதானத்துக்குமான பயிற்சி மூன்று நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. நாம் முதல் பாதியோடு சரி. அதிலும் பூங்காவில் நடப்பது பாதி, பெஞ்சில் பென்ஷன் அரியர்ஸ் பேசுவது பாதி. நியூயார்க்கில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. உடல் உழைப்புகளில் நடனம் ஒன்றுக்குத்தான் மறதி நோய் குறைவதோடு சம்பந்தம் தெரிந்தது. அடவு கற்கச் சொல்லவில்லை. கும்மியும் கோலாட்டமும் மாமிகளுக்குத் தெரியாததா?

நாட்டிய வகுப்பு நடக்கும் அதே ஒரு மணி நேரம், பின்னாலுள்ள சாப்பாட்டுக் கூடத்தைத் தாத்தா பாட்டிகளுக்கு ஒதுக்க வேண்டும். சுவரோரம் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, நகராத இரும்பு நாற்காலிகள், இவ்வளவுதான் தேவை. அந்த பிசியோதெரபிஸ்டே முதல் மாதம் வந்து சொல்லித்தரச் சம்மதித்திருக்கிறாள். இருதயக் கோளாறு, மூட்டு ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். முதல் கையெழுத்து என் ஆத்துக்காரியுடையது, இரண்டாவது என்னுடையது. கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன்.