பன்னிரண்டு படங்கள்

பாகூர் பக்கம், கரையாம்புத்தூர் மாதிரி ஊர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் முதல் கேமராவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பலரும் சொல்லும் பெயர் ஆக்ஃபா கிளிக் 3. பரோடாவில் நம் நாட்டிலேயே செய்தது. 120 ரோல் போட்டால் சதுரமாகப் 12 படங்கள், அவ்வளவுதான். கூட்டுக் குடும்பம், கோயில் தேர், மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் பூசிய காளை என எல்லாம் அந்தப் பன்னிரண்டுக்குள் அடங்க வேண்டும்!

வெயிலுக்கு ஒரு நிலை, மேகமூட்டத்துக்கு ஒரு நிலை. கேமராவின் முதுகில் சிறு சிவப்புச் சன்னல். அதில் அடுத்த எண் தெரியும்வரை சுருளைத் திருக வேண்டும். திருக மறந்தால் மாமா முகத்தின் மேல் தேர்ச்சக்கரம் வந்து உட்காரும். சிவப்புக்குக் காரணம் உண்டு. பழைய கறுப்பு வெள்ளைச் சுருள்களைச் சிவப்பு வெளிச்சம் எளிதில் கெடுக்காது.

சுருளுக்கும் வெளிநாட்டையே நம்பியிருக்கக் கூடாதென்று, ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் தொடங்கப்பட்டது. அதன் ‘இந்து’ சுருள்களை ஸ்டுடியோக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று அந்த ஆலை இயங்கவில்லை.

பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடித் தேடி மின்னுருவாக்கியிருக்கிறது. உங்கள் பரணில் நெகட்டிவ் கிடந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஓரத்தைப் பிடித்து எடுத்து, காகித உறையில் இட்டு, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள்.