ரீஃபில் தீர்ற வரைக்கும்

எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்ல. பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ. அதனால தாளில் எழுதி வச்சுத்தான் பேசுறேன். கை நடுங்கினா சிரிக்காதீங்க.

என்னைப் பேசச் சொன்னது மரப் பேனா பத்தி. நாங்க அம்பாசமுத்திரம் பக்கம். எங்க மாமனார் காலத்துல இருந்து வீட்டுல கடைசல் பட்டறை. பிள்ளைகள் விளையாடுற மரச் சொப்புச் சாமான் கடைஞ்சு, அரக்கு ஏத்தி, தாழை மடலால மெருகு போட்டுக் குடுக்கிற வேலை. பிளாஸ்டிக் வந்த பிறகு அந்தத் தொழில் எப்படி ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். என் வீட்டுக்காரர் இப்ப பாதி நாள் கட்டில் கால் கடையுறார், மீதி நாள் கட்டட வேலைக்குப் போறார்.

போன வருஷம் ஒரு கண்காட்சியில எங்க குழு கடை போட்டிருந்தப்ப ஒரு வியாபாரி வந்தார். கையில ஒரு பொட்டலம். அதைத்தான் பேனா கிட்டுன்னு சொல்றாங்க. உள்ள என்ன இருக்கும்னா, ரெண்டு பித்தளைக் குழாய், எழுதுற பக்கத்து உலோக முனை, திருகுனா ரீஃபிலை வெளிய தள்ளுற உறுப்பு, நடு வளையம், கிளிப்பு, மூடி, ஒரு ரீஃபில். மரம் மட்டும் நம்ம மரம். மரத்துண்டுல ஓட்டை போட்டு, குழாயை உள்ள ஒட்டி, கடைசல் மிஷின்ல மாட்டிக் கடைஞ்சு, மெருகு போட்டு, மத்த உறுப்புகளை ரெண்டு பக்கமும் அழுத்திப் பொருத்தினா பேனா ஆயிடும். அமெரிக்கா மாதிரி நாடுகள்ல ரிட்டையர் ஆன பெரியவங்க இதைப் பொழுதுபோக்கா செய்யுறாங்க. நம்ம திருவள்ளூர்ல எபனைட் கம்பியில மைப் பேனா கடையுறவங்க இருக்காங்க. அவங்க கிட்டு எதுவும் வாங்குறதில்ல, மரையைக்கூட அவங்களே வெட்டுறாங்க. அது பெரிய வித்தை. கிட்டுல அந்த வித்தை வேண்டாம், கடைசல் தெரிஞ்சாப் போதும்.

அந்த வியாபாரி சொன்னது இது. 500 கிட்டு மொத்தமா எடுத்தா ஒண்ணு 160 ரூபாய். 80,000 ரூபாய். செஞ்ச பேனாவை அவரே ஒண்ணு 300 ரூபாய்க்கு எடுத்துக்குவார். கணக்குப் போட்டா 1,50,000 வருது. யாருக்குத்தான் ஆசை வராது? எங்க குழுவுக்கு ஊக்குநர் என் மைனி, அதாவது வீட்டுக்காரரோட அக்கா. "ஏட்டி, நம்ம வீட்டுலயே மிஷின் இருக்கு, ஆளும் இருக்கு, இதைவிட்டா வேற என்ன வேணும்"னு சொல்லி, கடனுக்குத் தீர்மானம் எழுதவே தயாராயிட்டாங்க.

எனக்கு மட்டும் வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி இருந்துச்சு. ஏன்னா நாலு வருஷத்துக்கு முன்னால இதே மாதிரி ஒருத்தர் பேச்சைக் கேட்டு பாக்குமட்டைத் தட்டு மிஷின் வாங்கினோம். "தட்டை நாங்களே எடுத்துக்கிறோம்"னாங்க. மூணு தடவை எடுத்தாங்க, நாலாவது தடவை போனே எடுக்கல. 22 மாசம் எங்க 12 பேரும் கடனைக் கட்டினோம். அதுல ஒருத்தி கம்மலை அடகு வச்சுத் தவணை கட்டினா. அவ இன்னைக்கு இந்தக் கூட்டத்துலதான் இருக்கா, அதனால பேர் சொல்லல. அந்த மிஷின் இப்பவும் எங்க தெரு முக்குல துருப்பிடிச்சுக் கிடக்கு.

நான் கூட்டத்துல எழுந்து, "மூணு மாசம் பொறுங்க, என் சொந்தக் காசுல வாங்கிச் செஞ்சு பாத்துட்டுச் சொல்றேன்"னேன். மைனிக்கு முகம் சுருங்கிப் போச்சு. தம்பி பொண்டாட்டி எல்லார் முன்னாடியும் எதிர்த்துப் பேசிட்டாளேன்னு. பதினைஞ்சு நாள் எங்க வீட்டுக்கு வரல.

சிறுவாட்டுக் காசை எடுத்து மூணு வகைக் கிட்டுல வகைக்கு ரெண்டு வாங்கினேன். முதல் வகை வியாபாரி காட்டின அதே ஸ்லிம்லைன், 160 ரூபாய், தங்க முலாம். ரெண்டாவது சிகார்னு ஒரு தடிப் பேனா, 480. மூணாவது சியரா, 390, குரோம் முலாம். ஆறும் சேர்த்து 2,060 ரூபாய்.

இங்கேயே முதல் பாடம் கிடைச்சுது. மரத்தைக் கடையணும்னா அதை மாட்டுறதுக்கு மேண்ட்ரல்னு ஒரு இரும்புக் கம்பி வேணும். ரெண்டு பக்கமும் அளவு காட்டுற புஷ் வேணும். அளவான டிரில் பிட் வேணும். இது எதுவும் கிட்டுல வராது. புஷ் ஒவ்வொரு வகைக்கும் வேற வேற. ஸ்லிம்லைனுக்கு 7 மில்லிமீட்டர் பிட், சிகாருக்கு 10. இது ரெண்டும் அம்பையில எந்த ஹார்டுவேர் கடையிலயும் கிடைக்கும். சியராவுக்கு 27/64 இஞ்ச்னு ஒரு அளவு. கடைக்காரர் என்னை மேலயும் கீழயும் பாத்தார். 10.5 தரட்டுமா, 11 தரட்டுமான்னார். 10.5-ல குழாய் நுழையாது, 11-ல ஆடும். தபால்ல வரவழைச்சோம். இந்தச் சாமானுக்கெல்லாம் 2,400 ஆச்சு, கிட்டு விலையைவிட அதிகம். வியாபாரி இதைப் பத்தி மூச்சுவிடல.

பொட்டலத்தைப் பிரிச்சதும் என் கொழுந்தன் டூவீலர் பட்டறையில இருந்து வெர்னியர் வாங்கிட்டு வந்து அளந்தோம். ஒன்பதாவது படிக்கிற என் மக அளவை நோட்டுல எழுதினா. ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்வாங்க. பேனா கிட்டுல அது செல்லாது அக்கா. ஸ்லிம்லைன் ரெண்டுல ஒண்ணு கச்சிதமா இருந்துச்சு, இன்னொண்ணுல முனை குழாய்க்குள்ள லொடலொடன்னு ஆடுச்சு. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட, ஒரே நாள்ல வாங்கினது. ரொம்ப இறுக்கமா இருந்தாலும் ஆபத்துதான், அழுத்தும்போது மரம் வெடிச்சிரும். ரெண்டு எடுத்ததுல ஒண்ணு லூசுன்னா 500-ல எத்தனை வரும்னு யோசிச்சேன்.

செய்முறையை நான் நீட்டல. குழாயை உப்புத்தாளால தேய்ச்சு ஒட்டணும், வழுவழுன்னு இருந்தா பசை பிடிக்காது, கடையும்போது மரம் தனியா சுத்தும். ஒட்டினதுக்கு அப்புறம் ரெண்டு முனையையும் குழாய் மட்டத்துக்குத் தேய்ச்சுச் சமமாக்கணும், இல்லன்னா பொருத்தும்போது இடைவெளி தெரியும். முதல் மரம் டிரில் போடும்போதே பிளந்துச்சு. ரெண்டாவது கடைஞ்சு முடிக்கிற நேரத்துல தெறிச்சுது, குழாயும் போச்சு. மத்த உறுப்பெல்லாம் நல்லா இருக்கு, குழாய் இல்லாம என்ன செய்ய? குழாயைத் தனியா விக்கிறாங்கன்னு அப்பதான் தெரியும். பெண்கள் மிஷின் பக்கம் போனா முந்தானையை இறுக்கிச் சொருகி மேல ஒரு சட்டை போட்டுக்கோங்க, வளையலைக் கழட்டிருங்க, கண்ணாடி மாட்டுங்க. சூப்பர் குளூவைப் பருத்தித் துணியால தொடைக்காதீங்க. திடீர்னு சூடேறும், என் விரல்ல கொப்புளம் வந்துச்சு.

திருகு உறுப்பை அழுத்துற இடத்துலதான் பொறுமை வேணும். கொஞ்சம் கூடுதலா அழுத்திட்டா ரீஃபில் முனை உள்ள போகவே போகாது. திரும்ப வெளிய இழுக்குறதும் லேசு இல்ல. முதல் பேனா அப்படித்தான் ஆச்சு. என் வீட்டுக்காரர் ஆசையாச் சட்டைப் பையில சொருகிட்டுப் போய் மையோட வந்தார், இருந்த ஒரே நல்ல சட்டை. அப்புறம் கொஞ்சம் அழுத்துறது, ரீஃபில் போட்டுத் திருகிப் பாக்குறது, இன்னும் கொஞ்சம் அழுத்துறதுன்னு பழகிக்கிட்டோம்.

பேனா ஆயிடுச்சு, பாக்க லட்சணமா இருக்கு. இதோட நிறுத்தியிருந்தா நானும் தீர்மானத்துல கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனா பேனா எழுதுறதுக்குத்தானே? மினி பஸ் கண்டக்டரா இருக்கிற எங்க அண்ணன் மகனுக்கு ஸ்லிம்லைன் குடுத்தேன். எங்க ஊர் நர்ஸம்மாவுக்குச் சியரா. குழுவோட கணக்காளருக்கு லூசா இருந்த இன்னொரு ஸ்லிம்லைனை, பசை போட்டுப் பொருத்தி. எங்க ஊர் டீச்சருக்குச் சிகார். நாலு பேர்கிட்டயும் ஒரே கோரிக்கை: தினமும் எழுதுங்க, பத்திரமா வைக்காதீங்க.

கண்டக்டர் பேனா ஆறு வாரம் தாங்கல. வேர்வை, சில்லறைக் காசு, பைக்குள்ள போட்டு எடுக்கிறது. கிளிப்புலயும் நடு வளையத்துலயும் தங்க நிறம் தேய்ஞ்சு உள்ள வெள்ளை தெரிஞ்சுது. "சித்தப்பா கழுத்து கவரிங் செயின் மாதிரி ஆயிடுச்சு அத்தை"ன்னு சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல. குரோம் அப்படியே இருந்துச்சு.

நர்ஸம்மா பேனாவுல குறை நம்ம பக்கம். அரக்கு மெருகு போட்டிருந்தோம், சிவப்பும் மஞ்சளுமா வளையம் வளையமா. அவங்க நாள் பூரா கைக்கு சானிடைசர் போடுறவங்க. ஸ்பிரிட்டுல அரக்கு கரையும்னு எங்க மாமனாருக்கே தெரியும், எங்களுக்குத்தான் அந்த நேரம் உறைக்கல. ஒரு மாசத்துல பிடிக்கிற இடம் மங்கிப் பிசுபிசுன்னு ஆயிடுச்சு.

இனி கணக்காளர் பேனா. அவ தீர்மான நோட்டு, சேமிப்பு ரெஜிஸ்டர், உட்கடன் கணக்கு எல்லாத்தையும் அதுலதான் எழுதினா. பத்தாவது வாரம் ரீஃபில் தீர்ந்துச்சு. ஸ்லிம்லைனுக்கு கிராஸ் டைப்னு ஒரு மெலிசு ரீஃபில். அம்பையில மூணு கடை ஏறி இறங்கினா. தென்காசியில கேட்டா. இல்ல. கடைசியில நான் ஒரு கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போனப்ப பரிசுப் பொருள் விக்கிற ஒரு கடையில இருந்துச்சு. ஒரு ரீஃபிலுக்கு கிட்டு விலைக்குப் பக்கத்துல சொன்னார். சியரா, சிகார் ரெண்டுக்கும் பார்க்கர் டைப். அது அம்பை பஸ் ஸ்டாண்டுக் கடையிலயே 25 ரூபாய்க்குத் தொங்குது.

மூணு மாசம் கழிச்சுக் கூட்டத்துல பேனாக்களைப் பாயில வரிசையா வச்சேன். மைனி எதுவும் பேசாம கண்டக்டர் பேனாவை எடுத்து வளையத்தைக் கட்டைவிரலால தடவிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் அவங்களே போனை எடுத்து வியாபாரிகிட்ட, "திருப்பி வாங்கிக்கிறதைப் பத்திரத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க"ன்னு கேட்டாங்க. "வாய் வார்த்தை போதாதாம்மா"ன்னார் அவர். மைனி போனை வச்சுட்டாங்க.

வங்கிக் கடன் எடுக்கல. குழுச் சேமிப்புல இருந்து சியரா மட்டும் 40 கிட்டு வாங்கினோம், 15,600 ரூபாய். அதுல ஒரே குழாய்தான், வேலை பாதி. நீளமான ஒரே துண்டுங்கிறதால எங்க அரக்கு வளையமும் எடுப்பாத் தெரியும். மரம் பட்டறையில கிடந்த தேக்குக் கழிவு, புளி, வாகை. சில பேர் செம்மரம் கேட்டாங்க, அந்த வம்பே வேண்டாம்னுட்டோம். என் மேண்ட்ரல், புஷ், பிட்டுக்குன்னு 1,500 வாங்கிக்கிட்டேன். பசை, உப்புத்தாள், டப்பாவுக்கு 700.

பேனாவோட ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறோம். சானிடைசர் படக்கூடாது, வெயில்ல வண்டிக்குள்ள வைக்கக்கூடாது, ரீஃபில் பார்க்கர் டைப்னு என் மக கைப்பட எழுதினது. "நம்ம சரக்கோட குறையை நீயே எழுதிக் குடுக்கிறியே"ன்னு வீட்டுக்காரருக்கு வருத்தம். சீட்டைப் படிச்சுட்டு ரெண்டு பேர் வாங்காமப் போனதும் உண்மைதான்.

ஏழு மாசத்துல 26 பேனா வித்தோம், ஒண்ணு 700 ரூபாய். பெரும்பாலும் ரிட்டையர் ஆகிற ஆசிரியர்களுக்குப் பரிசா வாங்கினாங்க. 5 வீணாப் போச்சு. 18,200 வரவு, 17,800 செலவு. கையில 400 ரூபாயும் 9 பேனாவும் இருக்கு. அந்த 9 வித்தாதான் எங்க மூணு பேருக்குக் கூலி. வித்த 26-ல 11 மைனி வித்தது.

அந்த ஒன்பதும் மண்டபத்துக்கு வெளிய மூணாவது மேசையில இருக்கு. பக்கத்துலயே கண்டக்டர் பேனாவும் வச்சிருக்கோம், அது விக்கிறதுக்கு இல்ல. எடுத்துத் தேய்ச்சுப் பாருங்க. கிட்டு வாங்குற யோசனை இருக்கிறவங்க மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வந்தா அளவு நோட்டையும் காட்டுறேன்.